மூன்று எண்ணும் நேரம்

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அத்தான் ஒருமுறை எடுத்து, "அவ குளிக்கிறா" என்றார். ஒரு மனுஷி ஒரு வாரமாகவா குளிப்பாள்? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நான் கையெழுத்துப் போட்டது தப்புதான். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, இனிப் பாடமெல்லாம் ஆன்லைனில்தான், நடத்துகிற ஒவ்வொரு பாடத்தையும் பதிவுசெய்து பள்ளி வைத்துக்கொள்ளும், அதற்குச் சம்மதம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒருத்தரும் கையெழுத்துப் போடக்கூடாது என்று இங்கிலீஷ் டீச்சர்கள் ஆறு பேரும் பேசிவைத்தோம். பேச்சை ஆரம்பித்தவளே நீதான். மறுநாள் பிரின்சிபால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன மிஸ் ஆட்சேபணை?" என்று கேட்டார். யாராவது நேருக்கு நேர் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியாதா? பேனாவை நீட்டினார். போட்டுவிட்டேன். அதே தாளை உன் முகத்துக்கு முன்னால் ஆட்டி, "உங்க தங்கச்சியே போட்டாச்சு, உங்களுக்கு மட்டும் என்னவாம்?" என்று கேட்பார் என்று நான் கனவா கண்டேன்?

நீ ராஜினாமாவை மேசையில் வீசிவிட்டு, மகளையும் இழுத்துக்கொண்டு அத்தான் மாற்றலாகிப் போன ஊருக்கே போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாண்டு என் கையால் பின்னிய ஜடையோடு பஸ் ஏறியிருக்கிறாள். அதுவே எனக்குப் பிறகுதான் தெரியும்.

இன்னொன்று சொல்கிறேன், திட்டாதே. எனக்கு இந்த ஆன்லைன் வகுப்பு பிடித்திருக்கிறது. பதினோரு வருஷமாக வகுப்புக்குள் கால் வைக்கும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். உன்னைப் பிள்ளைகள் 'மைக்செட் மிஸ்' என்பார்கள். என்னை 'முணுமுணு மிஸ்' என்பார்கள். மூன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கே பயப்படுகிற டீச்சர் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். இப்போது அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மேசை, அட்டைப்பெட்டி மேல் போன், பின்னால் ஒரு வெள்ளைப் போர்வை. நாற்பத்தொரு பிள்ளைகளும் நாற்பத்தொரு கறுப்புக் கட்டம். ஒரு முகமும் தெரிவதில்லை. பயமும் போய்விட்டது.

எல்லா மைக்கையும் திறந்துவிட்டால் ஒரு வீட்டில் குக்கர் கத்தும், ஒரு வீட்டில் நாய் குரைக்கும், ஒரு வீட்டில் மாமியார் கத்துவார். அதனால் மைக்கை மூடிவைக்கச் சொல்லி நானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு வாக்கியம் சொல்வேன். மனசுக்குள் மூன்று எண்ணுவேன். அந்த நேரத்துக்குள் பிள்ளைகள் அவரவர் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடனே நான் சிரித்துக்கொண்டே "வெரி குட்!" என்பேன். நீ பார்த்தால் என்னை அடையாளமே தெரியாது.

போனை எடு அக்கா.

உன் தங்கை


ஜூலை 20

தங்கச்சிக்கு,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. விட்டுவிட்டேன்.

கிழிக்கத்தான் எடுத்தேன். வாண்டு "சித்தி லெட்டரா, சித்தி லெட்டரா" என்று கையைப் பிடித்துத் தொங்கியதால் தப்பித்தாய்.

நாக்கு ஒட்டிக்கொண்டதாம்! ஒட்டிக்கொண்டால் கையை மடக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? நாக்குதானே ஒட்டியது, கை எப்படி எழுதியது? ஆறு பேரில் நீ வாயைத் திறக்க மாட்டாய் என்று தெரிந்துதான் அந்த மனுஷர் உன்னை முதலில் கூப்பிட்டார். அதுகூடவா உனக்குப் புரியவில்லை?

மூன்று எண்ணிவிட்டு வெரி குட்டாம். யாருக்கடி வெரி குட்? சுவருக்கா? அந்தப் பக்கம் பிள்ளை இருக்கிறதா, போனைத் தலையணை மேல் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டதா என்று உனக்குத் தெரியுமா? நான் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாலும் நாலாவது வரிசையில் எவன் சும்மா வாயசைக்கிறான் என்று முதுகுக்குத் தெரியும். பிள்ளையின் வாயைப் பார்க்காமல் ஒரு பாஷையைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எவளாவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அது பாடம் இல்லை, ரேடியோ.

அதுவும் போகட்டும். அந்தப் பதிவெல்லாம் எங்கே போகிறது என்று ஒருநாளாவது கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய்.

அப்பாவுக்கு மாத்திரையை மறக்காமல் கொடு. கோபம் உன்மேல்தான்.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாவிட்டாலும் நான் போடுவேன்.

உன் கடிதத்தை நாலு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். படிக்கப் படிக்க அழுகைதான். அப்புறம் அப்பாவால் சிரிப்பு வந்துவிட்டது. நான் விலங்குகள் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அப்பா இடுப்பில் துண்டோடு எனக்குப் பின்னால், "என் கண்ணாடி எங்கே வச்சேன்" என்று போர்வையைத் தூக்கிப் பார்க்கிறார். நாற்பத்தொரு மைக்கும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. இத்தனை நாள் தலையணைதான் கேட்டுக்கொண்டிருந்தது என்று நீ சொன்னாயே, தலையணை இப்படிச் சிரிக்காது அக்கா. பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

போஸ்ட்மேன் மகள் ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்காருவாள். போன வருஷம் பூரா என்னிடம் "பிரசன்ட் மிஸ்" தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் தினமும் எனக்குப் போனில் இங்கிலீஷில் பேசி அனுப்புகிறாள். நேற்று தன் பூனை குட்டி போட்ட கதையை முழுசாகச் சொன்னாள். அவளும் என்னைப்போலத்தான். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. அவளுக்காகவாவது இது நல்லதில்லையா?

பதிவு எங்கே போகிறது என்று கேட்டுவிட்டேன், போதுமா? கம்ப்யூட்டர் சார், "பத்திரமா இருக்கு மிஸ், நீங்க பயப்படாதீங்க" என்றார். பிரின்சிபால் என் பாடங்களைப் பார்த்தாராம். "உங்க பாடத்துல இடைவெளி அளவெடுத்த மாதிரி இருக்கு மிஸ். வேற யாருக்கும் இது வரல" என்றார். மூன்றாம் வகுப்புப் பாடம் முழுவதையும், வருஷக் கடைசி வரைக்கும், பள்ளியிலேயே ஒரு அறையில் நல்ல கேமரா வைத்து எடுக்கப் போகிறார்களாம். அதற்கு என்னைத்தான் கேட்டார்கள். மிச்சமிருக்கும் ஐந்து பேரில் என்னை.

சுவருக்குச் சொல்கிறேன் என்றாய். சொன்னால் என்ன? சுவர் என்னைக் கேலி செய்வதில்லை.

உன் தங்கை


செப்டம்பர் 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

துண்டு கதையை வாண்டுவுக்கு மூன்று தடவை படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அத்தானுக்குச் சாப்பிடும்போது நினைத்து நினைத்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

நான் வேலையை விட்டது நீ கையெழுத்துப் போட்டதற்காக இல்லை. உன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவளாகிவிட்டேன். ஜூன் மாசம் முதல் இரண்டு வாரம் நானும் ஆன்லைனில் எடுத்தேன் இல்லையா? ஒருநாள் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கதை நடத்தினேன். குரலை ஏற்றி இறக்கி, கிழவி மாதிரி பேசி, ராஜா மாதிரி பேசி, தொண்டை கட்டும்வரை. நாற்பது நிமிஷம். முடித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். சத்தமே இல்லை. அப்போதுதான் பார்த்தேன், என் மைக் மூடியிருந்தது. ஆரம்பத்திலிருந்தே மூடியிருந்தது. ஒரு பிள்ளைகூட, "மிஸ், கேக்கல" என்று சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒருத்தர்கூட.

மைக்செட் மிஸ் நாற்பது நிமிஷம் ஊமைப்படம் ஓட்டியிருக்கிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இருபது வருஷமாக என் குரலை நம்பித்தான் வகுப்புக்குள் போனேன். அது இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்தபிறகு என்னால் அந்த லேப்டாப்பைத் திறக்கவே முடியவில்லை. உன் கையெழுத்து எனக்கு நல்ல சாக்காகக் கிடைத்தது. இதுதான் நிஜம். என்னை மன்னித்துவிடு.

ஆனால் அந்தப் பதிவு விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு சரியில்லை. வருஷப் பாடம் பூராவும் எடுத்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் நீ எதற்கு? சொல்வதைக் கேள். கடைசிப் பத்துப் பாடத்தையாவது எடுக்காதே. தொண்டை சரியில்லை, காய்ச்சல், என்ன வேண்டுமானாலும் சொல். பத்துப் பாடம் உன் கையில் இருக்கட்டும்.

இங்கே வாண்டுவின் பள்ளியில், அவள் படிக்கிற மூன்றாம் வகுப்புக்கே, இங்கிலீஷ் டீச்சர் இடம் காலியாக இருக்கிறது. போய்ப் பார்த்தேன். பள்ளி திறந்ததும் ஜனவரியில் கூப்பிடுகிறேன் என்று ஹெச்.எம். அம்மா கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். நிஜமான வகுப்பு, நிஜமான பெஞ்சு, நிஜமான சாக்பீஸ். சேலையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அத்தானுக்கே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போனில் இன்னும் பேச வேண்டாம். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எழுது.

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மாசமாக எழுதவில்லை. எழுத முகம் இல்லை.

பத்துப் பாடத்தைக் கையில் வைத்துக்கொள் என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றைக்குக் காலையில்தான் கடைசிப் பாடத்தை எடுத்து முடித்தோம். கம்ப்யூட்டர் சாரும் ஆபீஸ்காரர்களும் சுற்றி நின்று கைதட்டினார்கள். நானும் அசடு மாதிரி கைதட்டினேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன்.

பள்ளி திறந்துவிட்டது. வகுப்பில் கரும்பலகையை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கிறார்கள். பத்தரை மணிக்கு அதில் நான் வருகிறேன். மஞ்சள் சேலை, சிரித்த முகம். மற்ற வகுப்புகளுக்கும் இதே மாதிரிப் பதிவுகளை வெளியிலிருந்து வாங்கிவிட்டார்களாம். மற்ற நாலு டீச்சர்களையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள். எதற்குத் தெரியுமா? பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள. அட்டெண்டன்ஸ் எடுக்க. ரிமோட்டைப் பிடிக்க.

முதல் நாளே போஸ்ட்மேன் மகள் கையைத் தூக்கினாள். வகுப்பில் அவள் கையைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. டிவியைப் பார்த்துத் தூக்கினாள் அக்கா. "மிஸ், ஒரு டவுட்" என்றாள். டிவியில் இருந்தவள் மூன்று எண்ணிவிட்டு "வெரி குட்!" என்று அடுத்ததுக்குப் போய்விட்டாள். பிள்ளை தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டது. நான் எழுந்துபோய் மெல்லச் சொல்லிக்கொடுத்தேன். வராந்தாவில் போன பிரின்சிபால் உள்ளே வந்தார்.

"மிஸ், நீங்க நடுவுல பேசினா பசங்க எதைத்தான் கவனிப்பாங்க?"

"அவ டவுட் கேட்டா சார்."

"எல்லாம் அதுலயே இருக்கு. எடுத்தது நீங்கதானே? உங்க பாடத்துல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்டூலுக்குத் திரும்பிவிட்டேன்.

பிள்ளைகளுக்கு டிவி மிஸ்ஸைத்தான் பிடிக்கிறது. "அந்த மிஸ் திட்டவே மாட்டாங்க" என்கிறார்கள். நானா திட்டுகிறேன்? அவளுக்குத் தொண்டை கட்டாது, அவள் லீவு போட மாட்டாள், அவளுக்குப் பயமும் கிடையாது. பதினோரு வருஷமாக நான் ஆக நினைத்தவள் அங்கே நிற்கிறாள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவளுக்குக் காவல் காக்கிறேன்.

நீ அன்றைக்கே சொன்னாய். கேட்கவில்லை.

உனக்காவது அந்தப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டதா? ஒரு நல்ல செய்தி எழுது அக்கா. நீ சாக்பீஸ் பிடித்து நிற்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

உன் தங்கை


பிப்ரவரி 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. மறைத்த ஒன்றையும் ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

வேலை கிடைக்கவில்லை. ஜனவரி போய்விட்டதே என்று இந்த மாசம் ஐந்தாம் தேதி நானே போனேன். இஸ்திரி போட்ட சேலையில்தான். ஹெச்.எம். அம்மா, "மன்னிச்சுக்கோங்க மிஸ். மேனேஜ்மென்ட்ல வேற ஏற்பாடு பண்ணிட்டாங்க" என்றார். யாரோ சின்ன வயசுப் பெண்ணைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். வாண்டு பார்த்துவிட்டாள்.

அவள் பத்து நாளாகவே, "சித்தி எங்க ஸ்கூலுக்கு வந்திருக்காங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி ஞாபகத்தில் உளறுகிறாள் என்று நினைத்து அதட்டினேன். "பொய் சொன்னா வாய்ல சூடு போடுவேன்" என்றுகூடச் சொன்னேன். பாவம், குழந்தை.

மறுநாளே அம்மாக்கள் வகுப்பில் வந்து உட்காரும் நாள். பின்னால் வரிசையாக நாற்காலி. பெல் அடித்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் இடத்தில் வந்தவள் எவள் என்று. ஒருத்தியும் வரவில்லை. ஆயா வந்து டிவியைப் போட்டுவிட்டுப் போனாள். மஞ்சள் சேலையில் நீ வந்தாய்.

நான் போன வருஷம் பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த சேலை என்று நினைப்பு ஓடியது. அப்புறம்தான் மற்றது எல்லாம் புரிந்தது. என் இடத்தில் போட்டிருந்தது உன்னைத்தான்.

உன் குரல் கணீரென்று இருந்தது. ஒரு வார்த்தை முழுங்கவில்லை. அவ்வளவு அழகாக நடத்துகிறாய். பக்கத்திலிருந்த அம்மா, "இந்த மிஸ் தங்கம்ங்க" என்றாள். என் தங்கச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. பெருமையாக இருந்தது, வயிறும் எரிந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"நேற்று நீ என்ன செய்தாய்?" என்று பிள்ளைகளை இங்கிலீஷில் கேட்டாய். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். விளையாடினேன், தூங்கினேன், மாம்பழம் தின்றேன். வாண்டு எழுந்து நின்றாள். மற்றவர்களெல்லாம் உட்கார்ந்தபடிதான் சொன்னார்கள், இவள் மட்டும் எழுந்து நின்று, சித்தியின் முகத்தைப் பார்த்து, நேற்று எங்கம்மா அழுதாங்க என்று இங்கிலீஷில் சொன்னாள். ஒரு பிழை இல்லை.

நீ சிரித்துக்கொண்டே "வெரி குட்!" என்றாய்.

குழந்தை இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள். நீ வேறு ஏதாவது சொல்வாய் என்று பார்த்தாள் போலிருக்கிறது. அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்.

உன்மேல் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. கோபப்பட ஆள் கிடைத்தால் தேவலை என்றிருக்கிறது. ஹெச்.எம். நல்ல மனுஷி. அந்த மேனேஜ்மென்ட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. நீ, என் தங்கச்சி. யாரைப் போய் நான் கேட்பது?

அக்கா


மார்ச் 2

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே பிரின்சிபால் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. என் பாடத்தைத் திருப்பிக் கொடுங்கள், என் அக்காவின் ஊரில் மட்டுமாவது நிறுத்துங்கள் என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். நாக்கு ஒட்டவில்லை. உன் குரல் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. வராந்தாவில் ஆபீஸ்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர் கோபப்படவே இல்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப அது எங்க கையில இல்ல மிஸ். பதினாலு ஸ்கூலுக்குப் போயாச்சு. யாரைக் கேட்டு நிறுத்தறது?" என்றார். பிறகு, "இவ்வளவு நல்லா பேசறீங்களே, அன்னைக்கே பேசியிருக்கலாமே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அடுத்த வருஷம் ஸ்டூலும் கிடையாதாம். ஆயாவே டிவியைப் போட்டுவிடுவாளாம்.

இன்றைக்கு வகுப்பில் அதே பாடம் வந்தது. வாண்டுவுக்கு ஓடிய பாடம். நான் பின்னால் ஸ்டூலில் இருந்தேன். "நேற்று நீ என்ன செய்தாய்?" என்று டிவி மிஸ் கேட்டாள். எண்ண ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும், கண் கொஞ்சம் மேலே போகும். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன். நேற்று நான் என் அக்காவின் வேலையைப் பறித்துக்கொண்டேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன், வகுப்பு பூராவும் திரும்பிப் பார்த்தது. போஸ்ட்மேன் மகள் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

டிவியில் நான் சிரித்தேன். "வெரி குட்! எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!" என்றேன்.

பிள்ளைகள் நான் சொன்னதையே சொன்னார்கள், அக்கா. பழக்கப்பட்ட பிள்ளைகள். நாற்பத்தொரு பேரும் சேர்ந்து, கடைசி வார்த்தை வரைக்கும், ஒரு பிழை இல்லாமல் சொன்னார்கள்.

உன் தங்கை